பேர் தெரியாத பெட்டியும் உங்கள் மாடி அறையும்

மஞ்சூர்,
ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, 2001.

அன்பிற்குரிய மாப்பிள்ளை கருணாகரன் அவர்களுக்கு,

மஞ்சூரிலிருந்து உங்கள் மச்சான் வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் மழையில் நனைந்தபடி நலம். அங்கே நீங்களும் இந்துவும் குழந்தைகளும் ஆடிக் காற்றில் பறந்துவிடாமல் நலமாக இருக்கப் பண்ணாரியம்மனை வேண்டுகிறேன்.

உங்கள் மாடி அறையை யாருக்கும் வாடகைக்கு விட்டுவிட வேண்டாம் என்று உங்கள் அக்கா அம்சவேணி எழுதச் சொன்னாள். தாராளமாக விட்டுவிடுங்கள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. இரண்டில் எது நடக்கும் என்பது இப்போது ஒரு பெட்டியின் கையில் இருக்கிறது. நம் கம்பெனியின் தலைமை ஆபீசில், கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஏ.சி. அறையில், குளிருக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் உங்களுக்கு இந்தக் கதையில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதிதான் வெட்கக்கேடு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போனதும் கம்பெனி சிக்கனம் என்று சொல்லிக் குன்னூர் விற்பனை ஆபீசை மூடியது, எமரால்டு டிவிஷன் ஆபீசையும் மூடியது. மூடியவர்கள் அங்கிருந்த நாற்காலி, மேசை, சாமி படம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி எங்கள் ஃபேக்டரி ஆபீசில் இறக்கிவிட்டுப் போனார்கள். சாமி படங்கள் ஒரே சுவரில் ஒற்றுமையாகத் தொங்கின, கம்ப்யூட்டர்கள்தான் ஒத்துப்போகவில்லை. எங்களுடையது பச்சை எழுத்து மட்டும் காட்டும் பழைய யூனிக்ஸ் மெஷின், அதில் சம்பளக் கணக்கு. எமரால்டிலிருந்து வந்தது விண்டோஸ், அதில் கொழுந்து எடைக் கணக்கு. குன்னூரிலிருந்து வந்தது மேக், அதில் ஏலப் பட்டியல். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சீர் வரிசையில் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றோடு ஒன்று பேச மறுத்தன.

ஆகவே எங்கள் ஆபரேட்டர் ஜெஸிந்தா ஒரு திரையைப் பார்த்து உரக்கப் படிப்பாள், நான் இன்னொன்றில் தட்டுவேன். வெளியே மழை, உள்ளே இலை உருட்டும் மெஷின் சத்தம், எனக்கோ காதில் கம்பளி மப்ளர். விளைவு என்னவென்றால், போன மாதம் கொழுந்து பறிக்கும் வீரம்மா ஏலப் பட்டியலில் ஏறிவிட்டார், டஸ்ட் தேயிலைக்குப் பிரசவ லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. தலைமை ஆபீஸ் கொதித்துப் போனது. வீரம்மா மட்டும் கோபப்படவில்லை. ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க சூப்ரண்டு, என்னைய எவ்வளவுக்குங்க கேட்டாங்க?" என்று விசாரித்தார்.

"யாருமே கேக்கலீங்க ஆத்தா, இந்த வாரம் ஏலத்துல எதுவுமே போகலை" என்றேன்.

"அப்ப சரிங்க, நான் மலைக்குப் போறேன்" என்று கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதற்குப் பிறகுதான் தலைமை ஆபீசிலிருந்து அந்த ஓலை வந்தது. ஆடி முடிவதற்குள் மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக இணைத்துக் கணக்கை டெலிபோன் லைன் வழியாகக் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் எங்கள் ஆபீசையும் மூடி, ஆட்களைக் கோயமுத்தூருக்கு மாற்றிவிடுவார்களாம். மாப்பிள்ளை, நான் அங்கே வந்தால் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடையாது. உங்கள் மாடி அறைதான். நான், உங்கள் அக்கா, எங்கள் பிள்ளைகள் கனிஷ்கா, சரத், யாரைப் பார்த்தாலும் குரைக்கிற நாய், உங்கள் அக்கா தொட்டியில் வளர்க்கும் ரோஜாக்கள், இத்தனையும் வரும். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள், ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். பெரியவர்கள் அனுபவிக்காமல் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் அக்காவோ இந்துவின் சமையலறையில் மிக்ஸியை எந்தப் பக்கம் மாற்றி வைப்பது என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள். உங்கள் குடும்ப நிம்மதிக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

வெவ்வேறு சாதி கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் பெட்டி ஒன்று இருப்பதாகவும், அதற்குக் கேட்வே என்று பெயர் என்றும் ஜெஸிந்தா கண்டுபிடித்துச் சொன்னாள். எதை வாங்குவது என்று உங்களிடம் கேட்கலாம் என்றேன். மேனேஜர் கீர்த்திவாசன் ஒத்துக்கொள்ளவில்லை. "தலைமை ஆபீஸ்ல கேட்டா, நமக்குத் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க" என்றார். தெரியாது என்பது எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு இன்கிரிமெண்ட் நிலுவையில் இருக்கிறது.

ஆகவே கோயமுத்தூர்க்காரர் ஒருவர், ஊட்டிக்காரர் ஒருவர், அருவங்காட்டுக்காரர் ஒருவர் என மூன்று வியாபாரிகளிடம் சாம்பிளுக்கு ஆளுக்கொரு பெட்டி கேட்டோம். மூவரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினார்கள். நாங்கள் தலையாட்டினோம். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் எங்கள் டீ மேக்கர் பொன்னுத்துரை வாயைத் திறந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம், இலையை உருட்டி வறுத்துத் தேயிலையாக்கும் பக்குவத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நமக்குத் தெரிஞ்ச மாதிரித்தானே தெரிவு செய்ய வேணும்? கோப்பையில தோட்டத்துப் பேரை எழுதி வச்சா நாக்கு பொய் சொல்லும். பேரை எடுத்துட்டு நம்பரைப் போடுங்கோ. சரக்கு தன்னால பேசும்" என்றார்.

தேயிலை ருசி பார்க்கும் அறையில் தலைமுறையாக அதுதான் வழக்கம் என்பது உங்களுக்கும் தெரியும். எங்களுக்கும் சட்டென்று பிடித்துப்போனது. ஊட்டிக்காரர் மேனேஜருக்குத் தூரத்துச் சொந்தம், அருவங்காட்டுக்காரர் எனக்குப் பஸ் சிநேகிதம், ஆகவே நியாயம் என்றால் இதுதான் நியாயம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம். டீ ரூம் கெட்டிலைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியில் மூன்று பெட்டிகளையும் காட்டி, கம்பெனிப் பெயர், நம்பர், முத்திரை என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரித்தோம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்பீசில் எழுதி வரிசையாக வைத்தோம். எல்லாமே ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. பொன்னுத்துரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். இரண்டாவதில் கையை வைத்து, "இதுலதான் உள்ளுக்குச் சரக்கு கிடக்கு" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, கனமாக இருக்கிறதாம்.

பிறகு ஜெஸிந்தா ஒவ்வொன்றாக மாட்டினாள். முதல் பெட்டியில் விளக்கு எரிந்தது, அதோடு சரி. மூன்றாவது பெட்டி விண்டோசையும் மேக்கையும் சேர்த்து வைத்தது, எங்கள் பச்சை எழுத்துக் கிழத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவதை மாட்டியதும், மாப்பிள்ளை, எமரால்டு கொழுந்து எடை எங்கள் பச்சைத் திரையில் வரி வரியாக வந்து நின்றது! அங்கிருந்து ஏலப் பட்டியலுக்குப் போனது. வீரம்மாவின் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. டெலிபோன் லைனில் கோயமுத்தூருக்கும் கணக்கு போய்ச் சேர்ந்தது. மேனேஜர் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இங்கேயே இருக்கலாம் என்ற நினைப்பில்.

சந்தோஷம் அடங்கியதும் மேனேஜர், "சரி, ரெண்டாம் நம்பர் யாருதுங்க?" என்று கேட்டார்.

நான் பொன்னுத்துரையைப் பார்த்தேன். பொன்னுத்துரை என்னைப் பார்த்தார். எந்த நம்பர் யாருடையது என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து வைப்பது சூப்பரின்டெண்டன்ட் வேலை என்று அவர் நினைத்தாராம். டீ மேக்கர் வேலை என்று நான் நினைத்தேன்.

"நான் எதுக்கு எழுத வேணும்? வாயில வச்சா எந்தத் தோட்டமெண்டு சொல்லிப்போடுவேன்" என்றார் அவர்.

"அப்ப இதையும் வாயில வைங்க அண்ணா" என்றாள் ஜெஸிந்தா.

"வச்சுப் பார்த்திட்டேன் தங்கச்சி. உப்பா இருக்கு" என்றார் பாவம். தேயிலை ருசி பார்த்துத் துப்பும் பழக்க தோஷத்தில் துப்பியும் இருக்கிறார்.

வியாபாரிகளை வரவழைத்தோம். மூவரும் ஆளாளுக்கு இரண்டாம் நம்பரைத்தான் தன்னுடையது என்றார்கள். ஒருவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். ஒன்றையும் மூன்றையும் தொட்டுப் பார்க்கக்கூட யாரும் தயாராக இல்லை. ஊர் பேர் தெரியாத மெஷினில் கணக்கை ஏற்றத் தலைமை ஆபீஸ் சம்மதிக்காது. நாளைக்கு அது படுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பார்கள், நாங்கள் யாரைக் காட்டுவது?

இனி உங்கள் கையில்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் சரத் வரைந்த படம் இத்துடன் இருக்கிறது. பூ மாதிரி இருப்பது காற்று போகும் ஓட்டை, மேலே நாய் இருப்பது அவன் சொந்த விருப்பம். இது எந்தக் கம்பெனி என்று ரகசியமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றால் எங்கள் ஆபீஸ் பிழைக்கும், நான் மஞ்சூரில் இருப்பேன், உங்கள் மாடி உங்களுடையதாக இருக்கும், இந்துவின் மிக்ஸி இருந்த இடத்திலேயே இருக்கும். சொந்தம் எட்ட இருந்தால்தான் இனிக்கும்.

இந்துவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். சகல சௌபாக்கியங்களும், எந்த லைனிலும் தடங்கல் இல்லாத வாழ்வும் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் மட்டுமே நாடும் மச்சான்,
வெள்ளியங்கிரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது, ஃபேக்டரிக்குத் தலைமை ஆபீசிலிருந்து ஒரு ஃபேக்சும் வந்துவிட்டது. பெட்டி யாருடையது என்று யாரும் கேட்கவே இல்லை. கணக்கு லைனில் வந்து சேர்ந்ததில் டைரக்டருக்குப் பரம சந்தோஷமாம். மலையிலிருந்து கோயமுத்தூருக்குக் கணக்கு வருமென்றால் கோயமுத்தூரிலிருந்து மலைக்கும் போகும்தானே என்று யோசித்திருக்கிறார். தேயிலை விற்கிற விலையில் அங்கே கம்ப்யூட்டர்களுக்கு ஏ.சி. போட்டுக் கட்டுப்படியாகவில்லையாம், மஞ்சூரில் ஜன்னலைத் திறந்தால் போதுமாம். ஆகவே அடுத்த மாதம் முதல் கம்ப்யூட்டர் செக்‌ஷன் முழுவதும் இங்கே மாற்றம். முழுவதும் என்றால் நீங்கள்தான். இங்கே காலியாக வேறு குவார்ட்டர்ஸ் இல்லை. மேலே விருந்து, மருந்து, கத்தி, உறை, எட்ட இருந்தால் இனிக்கும் என்றெல்லாம் எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். முன் அறையை உங்கள் அக்கா இப்போதே கழுவி முடித்துவிட்டாள். ஈரம் காய ஒரு மாதம் ஆகும் என்றேன். "என் தம்பி வர்றான், ஈரத்துலயே இருந்துக்குவான், நீங்க அந்த ரோசாத் தொட்டியத் தூக்கி வெளிய வைங்க" என்று பாட்டுப் பாடாத குறையாகச் சொல்கிறாள். அவள் இப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று, ஆகவே வாருங்கள். ஸ்வெட்டரும், இந்துவின் மிக்ஸியும் எடுத்து வாருங்கள். பெட்டி யாருடையது என்று மட்டும் வந்து கேட்காதீர்கள், இனி அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் செக்‌ஷன் நீங்கள்தான்.