பந்து நைனாவின் தேங்காய்

கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்தபடியே வாராவாரம் அமெரிக்காவில் தோற்றுக்கொண்டிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பந்து நைனா.

எழுபதுகளில் நான் அங்கே ஒரு பம்புத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். நைனா ஸ்டோர்ஸில் மரப்பெட்டிகளைப் பிரிப்பவர். அவருக்கு அசல் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அமெரிக்காவிலிருந்து மிஷின் பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். அடிபடாமலிருக்க, உள்ளே அந்த ஊர்ச் செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். எங்களுக்கு மிஷின் முக்கியம், நைனாவுக்குக் காகிதம்.

முதன்முதலில் விளையாட்டுப் பக்கத்தை நீவிப் பார்த்தவர் பதறிப்போனார். தலையில் கவசம் மாட்டிய தடியர்கள் ஒருவன் மேல் ஒருவன் ஏறிப் படுத்திருந்தார்கள்.

"இன்னா சாரே, அங்கயும் ஸ்டிரைக்கா?"

"இல்ல நைனா, இது அமெரிக்கா ஃபுட்பால்."

"காலால ஒதிக்கற மாதிரியே தெர்லியே. கைல இல்ல வெச்சிக்கினு ஓடறான்!"

பல நாள் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அது சடுகுடு. குறுக்கே கோடு இருக்கிறது, இவன் தாண்டிப் போகிறான், அவர்கள் மடக்கி அமுக்குகிறார்கள். கையில் பந்தைக் கொடுத்தது வெள்ளைக்காரன் குசும்பு.

பெட்டிகள் வந்த ஊரின் அணி எடுத்த எடுப்பிலிருந்தே தோற்றுக்கொண்டு வந்தது. காரணத்தையும் நைனாவே கண்டுபிடித்தார். "பாடாம போறானுங்க சாரே. மூச்சு புட்ச்சி பாடிக்கினு போனா எவன் தொடுவான்?"

பெட்டிகளில் காகிதம் வரிசையாக வராது. டிசம்பர் ஆட்டம் செப்டம்பர் ஆட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கும். என்னைத் தேதியை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதை டூல்பாக்ஸுக்கு அடியில் செருகிவிடுவார். முந்தின ஆட்டம் கிடைத்த பிறகுதான் அது வெளியே வரும். ஒருமுறை அக்டோபரைத் தேடி, அவசரமாகத் தேவைப்பட்ட மோட்டார் இருந்த பெட்டியை விட்டுவிட்டு வேறு நாலு பெட்டிகளைப் பிரித்துப் போட்டார். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"மோட்டாரு எங்க சார் ஓடிப்பூடும்?" என்று கேட்டார் நைனா.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தேங்காய் வாங்கி வைப்பார், ஜெயித்தால் உடைக்க. தோற்றால் அது வீட்டுக்குப் போய்ச் சட்னியாகும். அமெரிக்கத் தோல்விகளைக் குறை சொல்லாத ஒரே ஆள் அவர் மனைவி.

கடைசியில் ஒன்றைத் தவிர எல்லாக் காகிதமும் வந்து சேர்ந்தது. எல்லாம் தோல்வி. சீசனின் கடைசி ஆட்டம் மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. "ஒண்ணாச்சும் ஜெயிச்சாத்தான் சாரே மரியாத. இல்லன்னா பசங்க ஊட்டுக்குப் போயி மூஞ்ச எப்டி காட்டுவானுங்க?" என்று நைனா சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். காகிதம் வர நாளாகும் என்று இந்தத் தடவை மட்டை உரிக்காத காயாகப் பார்த்து வாங்கி, ஸ்டோர்ஸ் அலமாரி மேல் வைத்தார்.

அந்தச் சமயத்தில் மிஷினை ஓட்டிக் காட்ட ஒரு அமெரிக்க இன்ஜினியர் வந்து இறங்கினார். சாட்சாத் அதே ஊர்க்காரர்! எல்லோரும் என்னைப் பிடித்துத் தள்ள, நான் போய்க் கடைசி ஆட்டத்தின் முடிவைக் கேட்டேன். அவர் சிரித்தார். அந்த அணியா? உள்ளூரிலேயே அதைப் பார்க்க ஆள் போவதில்லை, முடிவு யாருக்குத் தெரியும் என்றார்.

நைனாவுக்கு வந்ததே கோபம். "யோவ், உங்க ஊரு பசங்க அடி வாங்கிக்கினு கெடக்கறானுங்க, நீ போய் ஒரு எட்டு பாக்க மாட்டியா? கேளுங்க சாரே இந்தாள!"

நான் பாதியை முழுங்கிவிட்டு மீதியை மொழிபெயர்த்தேன். முழுங்கியதை நைனாவின் ஆள்காட்டி விரல் சொல்லிவிட்டது. இன்ஜினியரின் முகம் சிவந்துபோனது. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

அவர் ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. மேலாக, கசக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு பழைய தாள். கடைசி ஆட்டம். எங்கே தேடிப் பிடித்தாரோ மனிதர்! லேத்தை நிறுத்திவிட்டுக்கூட ஆட்கள் ஸ்டோர்ஸுக்கு வந்துவிட்டார்கள். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

"பட்ச்சிடுங்க சாரே."

"ஒரே ஒரு பாயின்ட்ல தோத்துட்டாங்க நைனா."

நைனா அலமாரி மேலிருந்த காயை எடுத்தார். அது முளைவிட்டிருந்தது. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர்ஸ் சுவரோரம் குழி தோண்டி அதை நட்டார்.

"இது காய்க்க ஆறேழு வருஷம் ஆவும் நைனா" என்றேன்.

"ஆவட்டும் சாரே. அவனுங்களுக்கும் டைம் வேணும் இல்ல?"

அடுத்த வருஷமே நான் வேறு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன். வெயில் கொளுத்துகிற நாட்களில், அந்தக் கன்றுக்கு நைனா தண்ணீர் ஊற்றியிருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன். ஊற்றியிருப்பார். அவரை மாதிரி ஒருவர் என் பக்கம் இருந்தால் நானும் தைரியமாகத் தோற்றுவிட்டு வருவேன்.