வாயைத் திறக்காத சிஸ்டிகோலா

யாலா சதுப்பு,
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள நெரிமா அக்காவுக்குத் தம்பி வாண்டேரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி தாக்காவும் கோழிகளும் சுகம். நீங்களும் அத்தானும் சுகம்தானே?

சர்க்கரை ஆலைக் காவல் வேலையை உதறிவிட்டுப் பறவை வழிகாட்டித் தேர்வுக்குப் படித்தேன் அல்லவா? இரண்டு தடவை தோற்றது இந்தச் சிஸ்டிகோலாவால்தான். உள்ளங்கையில் அடங்கும் பழுப்புக் குருவி, செம்பழுப்புத் தலை, முதுகில் கோடு, பூச்சிதான் சாப்பாடு. அதன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே சட்டை. குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்: காய்ந்த புதரில் இருப்பது கிலுகிலுப்பை ஆட்டும், சதுப்பில் இருப்பது கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும். ஆறு மாதம் இதையே வீட்டில் கத்திப் பழகி, போன ஞாயிறு தேவாலயத்தில் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் கிலுகிலுத்துவிட்டேன். இன்று மூன்றாவது தடவை, இதுவே கடைசி. தேர்வாளர் செப்கோச் அம்மா கையை நீட்டுகிறார், குருவி எங்கே உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? வேலிக்கம்பி மேலே! இந்தப் பக்கம் சதுப்பு, அந்தப் பக்கம் காய்ந்த புதர், அலகில் ஒரு பச்சைப்புழு. வாயைத் திறந்தால் புழு விழுந்துவிடும், அது எப்படி அக்கா திறக்கும்? "என்ன குருவின்னு சொல்லுங்க, வாண்டேரா" என்கிறார் அந்த அம்மா, பக்கத்தில் என்னோடு தேர்வெழுதும் ஒட்டியேனோ பரபரவென்று எழுதுகிறான், நானோ குருவியின் வாயையே பார்க்கிறேன். "அது மொதல்ல வாயைத் தொறக்கட்டும்மா, அப்புறம் நான் தொறக்குறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்! தாளிலும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

தாக்கா உகாலிக் களி கிண்டிக்கொண்டே, "குருவிக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே! அது வாயை மூடிக்கிட்டுதானே இருந்துச்சு?" என்கிறாள். பயமாக இருக்கிறது அக்கா. ஐம்பத்தெட்டு வயதில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆலை மேலாளரிடம் அத்தானைப் பேசச் சொல்லுங்கள், பழைய வாசலாவது கிடைக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. மாடுகள் பெருகட்டும், மழை நேரத்துக்கு வரட்டும்.

உங்கள் தம்பி,
வாண்டேரா

பி.கு.: உறையை ஒட்டும் முன்பே செய்தி வந்துவிட்டது. நான் பாஸ்! குரல் கேட்காமல் பெயர் எழுதியவர்கள் எல்லோரும் அவுட்டாம். அது எந்தக் குருவி என்று செப்கோச் அம்மாவுக்கே தெரியாதாம். அத்தானிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று: நாளைக் காலை பறவை பார்க்க என் முதல் விருந்தினர் வருகிறார். கொக்கு, நாரை எதுவும் அவருக்கு வேண்டாமாம். சிஸ்டிகோலாக்களை மட்டும் வகை பிரித்துக் காட்ட வேண்டுமாம். எதற்கும் அத்தான் மேலாளரிடம் பேசியே வைக்கட்டும்.