அன்னம்மாள் என் தோளில் ஏறிய கதை

கிறிஸ்துவுக்குள் பிரியமான கெர்கெய் அண்ணனுக்கு, தம்பி டேனெஷ் தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால், என் வலது தோள் நீங்கலாக, இங்கே எல்லோரும் சுகம். கொலோஷ்வாரில் அண்ணியும் பிள்ளைகளும் சுகந்தானே?

வேறு யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள். என் வீட்டுக்காரி எமோகெயின் இதயம் நினைத்தால் ஓடும், நினைத்தால் நொண்டும். அதன் குணம் தெரிந்தவர் அந்த டாக்டரம்மா ஒருவர்தான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. நம் சபை மூப்பர்கள் நாங்கள் என்ன செய்தோம்? கோயில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தோம், தீர்மானம் போட்டோம், தீர்மானத்தில் ஒரு வார்த்தைக்காகச் சண்டை போட்டோம், மறுபடி ஜெபித்தோம். கத்தோலிக்கர்களோ புனித அன்னம்மாள் திருநாளன்று அவள் சுரூபத்தைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி விஷயமாக மாவட்ட அதிகாரி வந்திருந்த ஊராட்சி அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டார்கள்.

இதெல்லாம் தகாது என்று கண்டிக்கத்தான் போனேன். சத்தியம் பண்ணக்கூடாது, ஆனாலும் சத்தியமாக. பல்லக்கின் வலது கொம்பைச் சுமந்த பக்கத்து வீட்டு லோராந்த் என்னைக் கண்டதும், "மாமா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஒரு நிமிஷம் பிடிங்க" என்றான். பிடித்தேன். போனவன் போனவன்தான். விட்டால் அன்னம்மாள் விழுவாள், விடாவிட்டால் என் மூப்பர் பதவி விழும். அப்படியே நம் கோயில் வாசலைத் தாண்டிப் போனோம். ஜன்னலில் போதகரம்மா! அந்த நேரம் பார்த்து அவர்கள் பாதர், "டேனெஷ், கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, அம்மா சாயுறாங்க" என்கிறார்.

அலுவலக வாசலில் சுரூபத்தை இறக்கியதும் பெண்கள் அண்டா அண்டாவாகக் கோஸ் இலையில் பொதிந்த கறியைப் பரிமாறத் தொடங்கினார்கள். அதிகாரியின் காருக்கு வழியில்லை. அவரும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, "இந்த ஊர்ல இத்தனை பேரா இருக்கீங்க?" என்றார்.

"இன்னும் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்காங்க சார்" என்றாள் எமோகெ, என்னைப் பார்த்துக்கொண்டே.

சுருக்கென்றது அண்ணா. விசுவாசம் நெஞ்சுக்குள் இருந்தால் போதும் என்றுதானே நாம் வளர்ந்தோம்? டாக்டரம்மாவை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ள முடியாதே!

இருந்தாலும் இன்று மாலை மூப்பர்கள் என்னை விசாரிக்க வருகிறார்கள். தம்பி தெரியாமல் செய்துவிட்டான், இனி செய்யமாட்டான் என்று நம் போதகருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்கள் வீட்டுக்கும் ஊழியத்துக்கும் ஒரு குறையும் வராமல் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

தம்பி,
டேனெஷ்

பி.கு.: எழுத வேண்டாம். மூப்பர்கள் வந்துவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வரலாம் என்று உத்தரவாகியிருக்கிறதாம். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், "மிச்ச நாளுக்கு அந்தக் கத்தோலிக்கக்காரங்களோட அடுத்த புனிதர் எப்பய்யா வெளியே வர்றாரு?" என்றார்கள். இடது கொம்பு போதகருக்கு. போதகரம்மா தோளுக்கு மெத்தை தைக்கிறார்.