கயிற்றை விட்ட பதிகம்

இறைவனை ஒற்றைக் கையாற் கும்பிடுவது அபசாரம். இதில் எந்தச் சைவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. எங்கள் வீட்டில் மாத்திரம் இரு கைகளாற் கும்பிட்டது குற்றமாகிவிட்டது. அந்தக் குற்றத்துக்காக அரை நூற்றாண்டாக என்னை விசாரித்து வருகிறார்கள். தீர்ப்பை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். என் வாக்குமூலத்தை மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் இந்நாட்டை விட்டுப் போவதற்குச் சில வருடங்கள் இருந்த காலம். நான் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கி, கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக வேலை பார்த்தேன். மாலையில் விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு பதிகம் பாடுவேன். என் குரலுக்குக் கல்லும் உருகும் என்பது அப்போது என் எண்ணம். (அக்கா மாத்திரம் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள்.)

கொட்டாஞ்சேனையில், வேலையிலிருந்து இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரின் மகள் பூமணி. சாதகம் பொருந்தியிருந்தது. பெண் பார்க்கும் நாளைக் குறிக்கப் போன அத்தானிடம் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாராம்: "வீட்டுக்குள்ளை இருந்து ஆளையாள் முழுசி என்ன பிரயோசனம்? கட்டுச்சோத்தோடை ஆத்தாலை வத்தளைக்குப் போய், ஒரு தென்னந்தோட்டத்திலை இருந்து சாப்பிட்டிட்டு வருவம். பெடியன்ர குணமும் தெரிஞ்சுபோம்."

குணம் தெரிந்துவிட்டதாக இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

முகத்துவாரத்துப் படகுத்துறையில் எல்லோரும் கூடினோம். முதல் நாள் மழையில் களனி கங்கை நிறைந்து, கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. படகைக் கட்டும் முளையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரும் மனைவியும் பூமணியும் அத்தானும் சோற்றுக் கூடையோடு ஏறிவிட்டார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் முந்திக்கொண்டு போய் உட்காருவது பண்பன்று என்று நான் கரையில் பின்தங்கி நின்றேன். (பண்பாக நடந்ததற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்.) படகோட்டி அந்தோனி கயிற்றின் நுனியை என் கையில் திணித்தான்.

"மாத்தயா, இதக் கொஞ்சம் புடிச்சிட்டு நில்லுங்க. வெத்தல வாங்கிட்டு ஓடியாறேன்."

விடாதீர்கள் என்று அவன் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

அவன் தலை மறைந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் படகிலிருந்தபடியே, "தம்பி, நீர் பண்ணோடை பாடுவீராம். வெளிக்கிட முதல் ஒரு பதிகம் பாடுமன், கேப்பம்" என்றார்.

இதையும் கவனிக்க வேண்டும். கேட்டவர் அவர்.

கண்ணை மூடிப் பாடத் தொடங்கினேன். இரண்டாம் பாட்டில் இறைவன் திருநாமம் வந்தது. அந்த இடத்தில் கைகள் தாமாகவே தலைமேல் ஏறிக் குவிவது எனக்குச் சிறு வயது முதல் வந்த பழக்கம். ஒரு கை ஏறும்போது மற்றக் கை கீழே கயிறு பிடித்துக்கொண்டு நிற்பதா? எந்த ஆகமம் அதை ஒப்பும்? இரண்டும் ஏறின.

சற்று நேரத்தில் "ஐயோ!" "அம்மாளே!" என்ற குரல்கள் எழுந்தன. உருகி அழுகிறார்கள் என்று எண்ணினேன். பாடுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? இன்னும் உருக்கமாகப் பாடினேன். பின்னர் குரல்கள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. மெய்ம்மறந்து போனார்கள் என்று முடிவு செய்தேன்.

எட்டாம் பாட்டில் கண்ணைத் திறந்தால் முன்னே வெறும் ஆறு. படகு வெகு தூரத்தில், கடல் நுரை தெரியும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்று சால்வையைக் கொடிபோல வீசிக்கொண்டிருந்தார். எத்தனையோ புகைவண்டிகளை நிறுத்திய கை அது. படகு அதற்குக் கீழ்ப்படியவில்லை.

பதிகத்தை நடுவில் நிறுத்துவதா? பதினோராம் பாட்டில்தானே பாடியதன் பலன் வருகிறது! அதற்கு முன் நிறுத்துவது, மாதம் முழுவதும் உழைத்துவிட்டுச் சம்பளத்துக்கு முதல் நாள் வேலையை விட்டு ஓடுவதற்குச் சமம். ஆகவே, பண் கெடாதபடி காலத்தை மட்டும் சற்றுக் கூட்டிக்கொண்டு, குவித்த கைகளை இறக்காமல் கரையோடு ஓடினேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள், "சாமி வந்திருச்சு, வழிய விடுங்கடா!" என்று விலகினார்கள். வெற்றிலையோடு எதிர்ப்பட்ட அந்தோனி, "மாத்தயா, கயிறு எங்க?" என்று அலறினான். பாட்டுக்கு நடுவே பேசலாகாது. நாடியை உயர்த்தி ஆற்றைக் காட்டினேன். வெற்றிலையை எறிந்துவிட்டு அவன் தண்ணீரில் பாய்ந்தான்.

அதற்குள் பூமணி, படகில் கிடந்த நீண்ட கோலை எடுத்து ஆற்றடியில் ஊன்றித் தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டாள். படகு சுழன்று, ஆறு கடலில் விழும் இடத்துக்குச் சற்று முன்னே ஒரு மணல் திட்டில் ஏறி நின்றது. நேரே கரையில் நான் வந்து நின்றபோது பத்தாம் பாட்டு முடிந்தது.

"முடிஞ்சுதோ?" என்று அவள் அங்கிருந்து கேட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது என்று விரலை உயர்த்திக் காட்டினேன். பாடினேன். சேலை நனைந்தபடி, கோலைப் பிடித்துக்கொண்டு, அதைக் கடைசிவரை கேட்டாள்.

அந்தோனி படகை இழுத்துக் கரை சேர்த்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் குதித்து இறங்கினார். "ஒரு கயிறு பிடிக்கத் தெரியாதவனிட்டை என்ர பிள்ளையைக் கையைப் பிடிச்சுக் குடுக்கிறதோ? சம்பந்தமும் வேண்டாம், வத்தளையும் வேண்டாம். நடவுங்கோ வீட்டை!"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். என் நெஞ்சு கங்கையின் அடிக்குப் போய்விட்டது. கோலோடு நின்ற பெண்ணைக் கண்ட பிறகு வேறொருத்தியை நினைக்க எனக்கு மனமில்லை. கெஞ்சியிருக்க வேண்டிய அந்த வேளையில் என் வாயில் வந்ததோ, "நீங்கள்தானே பாடச் சொன்னனீங்கள்!" என்பது.

"பாடச் சொன்னனான். விடச் சொன்னனானோ?"

பூமணி சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, "ஐயா, கயிறு பிடிக்கிறதை ஒரு கிழமையிலை பழக்கிப்போடலாம். இவ்வளவு அமளிக்குள்ளையும் தொடங்கினதை முடிச்சவரெல்லே?" என்றாள்.

"வாயை மூடடி!" என்றார் தாயார். பிறகு கூடையைத் திறந்து பார்த்து, "சோறு நனையேல்லை. பசியோடை சண்டை பிடிச்சு என்ன? வத்தளைக்கே போவம்" என்றார்.

போனோம். கயிற்றை அந்தோனி என் பக்கமே காட்டவில்லை.

மூன்றாம் மாதம் மணவறையில், கெட்டிமேளம் முழங்க நான் தாலியை எடுத்தபோது, மாமாவாகிவிட்ட ஸ்டேஷன் மாஸ்டர் என் காதருகே குனிந்து, "தம்பி, முதல் முடிச்சைப் போடும். பிறகு கும்பிடலாம்" என்றார். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையும் இதைக் கேளாமல் தாலி கட்டியதில்லை. என்ன நியாயம் இது? கோவிலில் நான் கையைத் தூக்குவதற்கு முன் பூமணி அர்ச்சனைத் தட்டை என்னிடமிருந்து வாங்கிவிடுகிறாள். சனம் பார்த்துச் சிரிக்கிறது.

பேரப்பிள்ளைகளுக்கோ வேறொரு சந்தேகம். "தாத்தா, படகு பத்தாம் பாட்டுக்கு முன்னமே நிண்டிட்டுதே. பிறகேன் பதினோராவதைப் பாடினனீங்கள்?"

பலன் சொல்லும் பாட்டு அதுதான், மூடர்களே. அதைக் கடைசிவரை கேட்டவள் அடுப்படியில் நின்று சிரிக்கிறாள், போய்க் கேளுங்கள்.