ரிக்டர் சாரின் நிலநடுக்கம்

எவ்வளவு ஆட்டியும் மேசைமேல் இருந்த அட்டைக் கட்டடம் விழுவேனா பார் என்று நின்றது. புவியியல் ஆசிரியருக்கு மூச்சு வாங்கியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு ரிக்டர் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். பாடம் நிலநடுக்கம். அவர் திருப்தியோடு போனால் ரிக்டருக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி. மனிதர் உள்ளூர நடுங்கிக்கொண்டுதான் இருந்தார், பாவம். மேசைதான் நடுங்க மறுத்தது.

கால்களின் திருகாணிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். ஒரு கால் கழன்று, எட்டிப் பார்க்க வந்த தலைமையாசிரியையின் பாதத்தில் விழுந்தது. அந்த அம்மாள் ஒற்றைக்காலில் நின்றபடியே, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அதிகாரி வரும்வரைகூடக் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் ரிக்டர் வீட்டு வாஷிங் மெஷினைப் பிரித்து மோட்டாரை உருவினார். மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப துணியை யார் துவைக்கிறது?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. வேலை நிரந்தரமானா புது மெஷினே வாங்கிடலாம்."

மோட்டாரை மரப்பெட்டியில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய், மேசைக்கடியில் கட்டி சுவிட்சைப் போட்டார். கட்டடம் விழவில்லை, பறந்தது. ஜன்னல் வழியே போய்த் தலைமையாசிரியையின் ஸ்கூட்டர்மேல் இறங்கியது. நல்லவேளை, அந்த அம்மாள் பார்க்கவில்லை. பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து, வேகத்தைக் குறைத்து, ஆணியடித்து மூடினார். மூலையில் அழுக்குத்துணி ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. மனைவி பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ரிக்டர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மேசை ஆடியது. கட்டடம் மாடி மாடியாகச் சரிந்தது. மின்விசிறி ஊஞ்சலாடியது, ஜன்னல்கள் படபடத்தன, கரும்பலகை ஒரு பக்கம் இறங்கியது. சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் பதுங்கப் போனார்கள். ரிக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பயப்படாம உட்காருங்க. இது நம்ம மோட்டார்தான்."

எல்லோரும் உட்கார்ந்து கைதட்டினார்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அறை கொஞ்சம் ஆடியே நின்றது. அதற்குப் பெயர்தான் பின்னதிர்வு என்று விளக்கினார். இவ்வளவு சின்னப் பெட்டி அறையையே ஆட்டியது எப்படி என்று அதிகாரி கேட்டார். தரை வழியாக அலை பரவும் விதத்தைப் படம் போட்டே காட்டிவிட்டார் ரிக்டர்.

அதிகாரி எழுந்துவந்து கைகொடுத்தார். வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொன்னார். ஆனால் நாளைக் காலையில் தலைமை அலுவலகத்துக்குப் பெட்டியோடு வந்து, மேலதிகாரிகள் எல்லோர் முன்னாலும் இதே ஆட்டத்தைக் காட்டிவிட வேண்டும். அதைப் பார்த்தபிறகுதான் கையெழுத்து.

ரிக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காட்டிவிடலாம் என்றார். வராந்தாவுக்கு ஓடிவந்து மனைவிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, மோட்டார் இன்னும் ஒரே ஒரு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்று கெஞ்சினார்.

"மோட்டாரா? அது விடியறதுக்குள்ளயே மெஷினுக்குள்ள போயாச்சு. உங்க பெட்டி லேசாயிடக் கூடாதேன்னு ரெண்டு செங்கல்லை வெச்சு, ஒயரைச் சும்மா சொருகி ஆணியடிச்சு வெச்சேன்."