முழு விலை கொடுத்து வாங்கிய ஒரே புத்தகம்

பைநாளார் என்று ஓர் இனம் எங்கள் வாரிக் நகரத்தில் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள், வேறு பெயரில் திரிவார்கள். புத்தகம் என்றால் உயிரை விடுவார்கள். காசை மட்டும் விடமாட்டார்கள். உடனே கஞ்சர் என்று சொல்லிவிடாதீர்கள். கஞ்சன் புத்தகமே வாங்கமாட்டான், அவனுக்கு வீட்டில் இடமாவது மிச்சம். பைநாளாரோ வருஷத்துக்கு நானூறு புத்தகம் வீட்டுக்குள் ஏற்றுகிறவர். எங்கள் விவசாயக் கண்காட்சித் திடலின் மாட்டுக் கொட்டகையில் ஜூலைக் குளிரில் (பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு அதுதான் குளிர்காலம்) மூன்று நாள் பழைய புத்தகச் சந்தை நடக்கும். வெள்ளியும் சனியும் புத்தகத்துக்குத் தனித்தனி விலை. ஞாயிறு மத்தியானம் மணி அடித்ததும், ஒரு துணிப்பை கொள்ளும் மட்டும் ஐந்தே டாலர்; அதுதான் பை நாள். அந்த மணிக்காகவே மீதி நாளெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர் எவரோ, அவரே பைநாளார்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது? முதலில் வீட்டைப் பாருங்கள். எங்கள் பக்கத்து மரவீடுகள் எல்லாம் கட்டைக்கால் மேல் நிற்பவை. பைநாளார் வீட்டில் புத்தக அறைப் பக்கத்துக் கால்கள் மட்டும் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். என் பக்கத்து வீட்டு டெஸ் பர்கிஸ் இருக்கிறாரே, அவர் மனைவி நோரீன் அடுக்களை மேஜையில் ஒரு முட்டையை வைத்துவிட்டுத் திரும்பினால், அது உருண்டு கால்மிதி மேல் விழுந்து, கூடத்தைக் கடந்து, வரலாற்று அலமாரியில் போய் முட்டி உடையும். கால் மாற்றும் ஆசாரி வந்து கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு புத்தகத்தக் கொறைங்க, இல்ல வீட்டக் கொறைங்க" என்றார். டெஸ் ஒரு வாரம் யோசித்து, பின்பக்கத்து வராந்தாவை இடித்தார்.

அடுத்தது பழக்கவழக்கம். புதுப் புத்தகம் ஒன்று வந்தால் பைநாளார் கடைக்கு ஓடமாட்டார் என்றா நினைக்கிறீர்கள்? ஓடுவார். நின்றபடியே வாரத்துக்கு இருபது பக்கம் படித்துவிட்டு, பஸ் சீட்டை அடையாளமாகச் செருகி, பின்வரிசையில் தள்ளி வைத்துவிட்டு வருவார். ஐந்தாவது வாரம் அந்தப் பிரதி விற்றுப் போயிருந்தால் கடைக்காரியோடு சண்டை. "பாதிதான் படிச்சிருந்தேன்! கேக்காம கொள்ளாம எப்படி வித்தீங்க?" நூலகத்தில் காத்திருப்போர் வரிசையில் இருநூற்றுப் பதினாலாவது ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, தன் முறை வரும்போது உயிரோடு இருக்கவேண்டுமே என்று வெண்ணெயை நிறுத்துவார். தெருமுனையில் யாரோ வைத்திருக்கும் 'ஒன்றை வை, ஒன்றை எடு' பெட்டியில் பழைய டெலிபோன் டைரக்டரியை வைத்துவிட்டு, அட்டை குலையாத நாவலை எடுப்பார். பேத்தியின் பிறந்தநாளுக்குப் புத்தகம் கொடுப்பார், பெரிய மனசுதான். ஆனால் அதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கை கழுவி, புத்தகத்தின் முதுகு மடங்காமல் ஒரு விரல்கடை மட்டும் திறந்து, ஒற்றைக் கண்ணால் முழுவதும் படித்து முடித்திருப்பார். முடிவு நன்றாக இல்லையென்றால் வேறு புத்தகமாக மாற்றிக்கொண்டு வந்து, அதையும் படிப்பார்.

பை நாள் வித்தையோ தனிக் கலை. கெட்டி அட்டைகளைப் பையின் உள்சுவரைச் சுற்றி நிமிர்த்தி நிறுத்தி, மதில் எழுப்பி, மதிலுக்குள் இன்னொரு மடங்கு நிரப்புவார் டெஸ். சந்தையை நடத்தும் பெரில் அம்மாள் லேசுப்பட்டவள் அல்ல. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பையோட காது ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடணும். தொடலேன்னா எறக்கு!" என்பாள். டெஸ் அந்த வருஷமே நோரீனிடம் சொல்லி நீளக் காது வைத்த பை தைத்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒளித்து வைத்தல். வெள்ளிக்கிழமையே நல்ல புத்தகங்களைப் பார்த்துவைத்து, யாரும் கை வைக்காத மேஜையில் புதைத்து, ஞாயிறன்று ஐந்து டாலர் பைக்குள் அள்ளுவது. இது திருட்டா? சேச்சே. பொறுமை. பெரில் இரண்டு நாளும் ரோந்து சுற்றி, மாட்டு வைத்தியப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து காதல் கதைகளை உருவியபடியே இருப்பாள்.

இப்படிப்பட்ட டெஸ் பர்கிஸ் தன் ஆயுளில் ஒரே ஒரு புத்தகத்தை முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். நம்பமாட்டீர்கள், ரசீது இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நோரீனுக்குப் பெரணிச் செடிப் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, பெரணி வளர்ப்பு பற்றிய பெரிய படப்புத்தகம் ஒன்றைப் பத்தொன்பது டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்டுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த ரசீதை நோரீன் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கல்யாண நாளிலும் விருந்தாளிகளுக்கு நடுவே எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசிப்பாள். "தள்ளுபடி, இல்லை!" என்று முடிக்கும்போது எல்லாரும் கை தட்டுவோம்.

"பூ வாங்கிக் குடுத்தவன் இருக்கான், மோதிரம் வாங்கிக் குடுத்தவன் இருக்கான். என் டெஸ் எனக்கு முழு வெலைல புத்தகம் வாங்கிக் குடுத்தான். அந்த ஒரு சீட்டுக்காகத்தான் இந்தச் சாஞ்ச வீட்டுல குடியிருக்கேன்" என்பாள் நோரீன். விளையாட்டாகச் சொல்வதுபோல் இருக்கும். விளையாட்டு அல்ல என்பது டெஸ்ஸுக்குத் தெரியும்.

சம்பவத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள், பை நாளான அதே ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. பெரிலோ ஒரு புது விதி போட்டிருந்தாள்: ஒரு பெட்டி நல்ல புத்தகம் தானம் கொடுப்பவருக்கு, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதி. டெஸ் தன் அலமாரிகள் முன்னால் போய் நின்றார். ஆறாயிரம் புத்தகம். ஒன்றைக்கூடப் பிரிய மனசு வரவில்லை. கடைசியில் நோரீன் தையல் அறைக்குள் நுழைந்து, ஒரு தட்டைத் தலைப்புக்கூடப் பார்க்காமல் அப்படியே பெட்டியில் சரித்து, வியாழக்கிழமையே பெரிலிடம் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டி தூக்கியவன் என்ற சாக்கில், நானும் அவரோடு போயிருந்தேன். பெரில் தனியாகத் தேர்ந்தெடுத்து வைத்த புத்தகங்களின் மேஜை முன் டெஸ் திடீரென்று நின்றுவிட்டார். பெரணிப் புத்தகம்! அட்டையில் பன்னிரண்டு டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே திறந்தால் நாற்பது வருஷத்து ரசீது.

"போச்சு மாப்ளே" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "ஞாயித்துக்கெழம ராத்திரி அத்தன பேர் முன்னால அலமாரியத் தொறப்பா. நான் செத்தேன்."

"எதுக்குச் சாகணும்? பன்னெண்டு டாலரக் குடுத்து எடுத்துக்கிட்டுப் போ."

"என்ன பேச்சுப் பேசுற? இது என் புத்தகம். ஏற்கெனவே முழு வெலை குடுத்தாச்சு. ஒரே புத்தகத்துக்கு ரெண்டு தடவ காசு குடுக்க எனக்கென்ன கிறுக்கா?"

"அப்ப பெரில்கிட்ட சொல்லு. தப்பா வந்துடுச்சு, குடுத்துருன்னு."

"சொன்னா பெட்டிக் கணக்கு கொறையும். ஒரு மணி நேரம் முன்னால வந்தது செல்லாதும்பா. வெளிய நிப்பாட்டிருவா!"

சொந்தப் பெண்டாட்டியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய், பழைய வருமான வரி வழிகாட்டிகள் கிடந்த மேஜையில், அடியிலும் அடியில் புதைத்தார் மனிதர். ஐந்து டாலர் பையில் நாற்பது புத்தகம் போனால் தலைக்குப் பன்னிரண்டரை சென்ட்தான் ஆகும் என்று எனக்குக் கணக்கும் சொன்னார். இரண்டு ராத்திரி அவர் தூங்கவில்லை. ஆனாலும் பன்னிரண்டு டாலர் கொடுக்கவில்லை. என்ன ஜன்மமோ!

ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. டெஸ் வரி மேஜைக்குப் பாய்ந்தார். அங்கே அவருக்கு முன்பே ஆறு பேர் முழங்கையளவு கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஊரிலுள்ள பைநாளார் அத்தனை பேருக்கும் யாரும் கை வைக்காத மேஜை அது ஒன்றுதான் போலிருக்கிறது. வரி வழிகாட்டிகள் காற்றில் பறந்தன. அடியிலிருந்து கப்பல் வரலாறு வந்தது, கேக் அலங்காரம் வந்தது, நான் வெள்ளிக்கிழமை ஒளித்த துப்பறியும் நாவல்கள் ஒன்பதும் வந்தன. பெரணி வரவில்லை.

டெஸ் மேஜை மேஜையாகத் தேடினார். மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். இரண்டரை மணிக்கு வெறும் பையோடு வாசலுக்கு வந்தவரைப் பார்த்து, பெரிலே பதறி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "ஏம்ப்பா டெஸ், ஒடம்புக்கு என்ன? பை காலியா இருக்கே!"

டெஸ் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராகப் பெரிய தெருவுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். புதுப் புத்தகக் கடையில் பெரணிப் புத்தகத்தின் புதிய பதிப்பு இருந்தது. எண்பத்தைந்து டாலர்.

"ஓரம் மடிஞ்சது ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"ஜன்னலோரம் வெயில்ல வெளுத்தது?"

"எல்லாம் புதுசுதாங்க."

"மழையில நனைஞ்சது?"

"வேணும்னா நனைச்சுத் தரட்டுங்களா?" என்றாள் கடைக்காரி. அவளுக்கு டெஸ்ஸைப் பல வருஷமாகத் தெரியும், பஸ் சீட்டு சமாசாரம் எல்லாம். டெஸ் நோட்டுகளை நீட்டினார். அவள் ஒரு முனையை இழுத்தாள், இவர் மறுமுனையை விடவில்லை. நான்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

"ரசீது வேணுங்களா?"

"அதுதான்மா வேணும்" என்றார்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. டெஸ் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். "நோரீன், உன் புத்தகத்த நான் தொலைச்சுட்டேன். என்னத்தச் சொல்றது, பன்னெண்டு டாலருக்குப் பாத்துத் தொலைச்சுட்டேன்" என்றார்.

நோரீன் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் நீளக் காது வைத்த பை ஒன்று. அதிலிருந்து பழைய பெரணிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அது உருளவில்லை, நல்லவேளை.

"வியாழக்கெழமையே தட்டு காலியா இருந்தத பாத்தேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் சந்தைக்குப் போய் நேரா வரி மேஜையில கைய விட்டேன். நாப்பது வருஷமா குடித்தனம் பண்றேன், நீ எங்க ஒளிப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"அடிப்பாவி! அன்னைக்கே வாங்கிட்டு வந்திருக்கலாமே! ரெண்டு நாளா எனக்கு உசிரு போச்சு!"

"பன்னெண்டு டாலர் குடுத்தா? என் புத்தகத்த நானே வாங்கவா?" நோரீனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "மாட்டு வைத்தியப் புத்தகத்தோட மேலட்டையப் போத்தி, அந்தக் குவியலுக்கு அடியில மாத்தி ஒளிச்சேன். இன்னிக்கு நீ தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய போனப்பறம் உள்ள போய்ப் பையில போட்டுக்கிட்டு வந்தேன். அது சரி, உன் கையில என்ன பொட்டலம்?"

டெஸ் அவிழ்த்துக் காட்டினார்.

"எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு."

"தள்ளுபடி?"

"இல்ல."

நோரீன் ரசீதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அடுத்த நிமிஷம், "மனுசனுக்கு மூளை பெரண்டுபோச்சா? நாளைக்குக் காலைல முதல் வேலையா திருப்பிக் குடு!" என்று கத்தினாள். வாங்கிய கையோடு டெஸ் முதல் பக்கத்தில் 'நோரீனுக்கு, முழு விலையில்' என்று மையில் எழுதிவிட்டிருந்தார். கடையில் எப்படித் திருப்பி எடுப்பார்கள்? கடைசியில் அவள் புது ரசீதைப் பழைய புத்தகத்துக்குள், பழைய ரசீதுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். கை தட்டினோம் பாருங்கள், அலமாரிகள் அதிர்ந்தன.

புதுப் புத்தகத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அடுத்த வருஷப் பெட்டிக்கு ஆகும் என்றாள் நோரீன். அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கிறது, ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் தருகிறேன் என்று நான் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆறு வருஷம் ஆகிறது. என் வீட்டில் ஒரு பெரணிகூடக் கிடையாது. வேலியோரம் பார்க்கும்போதெல்லாம், "படிச்சு முடிச்சாச்சா?" என்று நோரீன் கேட்கிறாள். இன்னும் நாலு பக்கம் பாக்கி என்கிறேன். போன மாதம் ஆசாரி வந்து என் வீட்டுக் கால்களையும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இதை எந்தப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருக்கிறீர்களோ அதன் முதல் பக்கத்தைத் திருப்பி, அங்கே யார் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.