அட்டைக்கு ஆள்

“அட்டைக்கு ஒரு ஆள் வேணும்” என்று ஜெயகாந்தன் சொன்னதும் வீரம்மா கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அட்டைக்கு எதுக்குங்க ஆளு? சும்மா நில்லுங்க, அதுவே வந்து ஏறும்.”

“அந்த அட்டை இல்லக்கா. சஞ்சிகை அட்டை. ஒங்க படத்தப் போடப் போறோம்.”

தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காகவே கொழும்பில் தொடங்கிய சஞ்சிகை அது. தோட்டத்துப் பெண்களைத் தவிர வேறு யாரும் அதை வாங்குவதில்லை; அவர்களும் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். ஜெயகாந்தன் அதன் வடிவமைப்பாளன். இந்த அட்டையும் சொதப்பினால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லித்தான் ஆசிரியர் பொன்னையா அவனை மலைமேல் அக்கரப்பத்தனைக்கு அனுப்பியிருந்தார். குளிர்ந்த காற்று கோபத்தைக் கொஞ்சம் ஆற்றட்டும் என்று தன் மனைவி சுதர்ஷினி அம்மாவையும் அதே வேனில் ஏற்றிவிட்டிருந்தார்.

முதல் படம் போனில் ஆசிரியருக்குப் போனது. வீரம்மாவின் தலையில் கிரிக்கெட் தொப்பி, சேலை நனையாமல் இடுப்பிலிருந்து கால்வரை சுற்றிய தடித்த படங்குத் துணி, முதுகில் கொழுந்துப் பை.

ஆசிரியர் உடனே அழைத்தார். “என்னப்பா, தோட்டத்துப் பொம்பள மாதிரியே இல்லையே!”

“தோட்டத்துப் பொம்பளதான் சார்.”

“இருக்கட்டும். பாக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா? தொப்பி, படங்கு எல்லாத்தையும் கழட்டச் சொல்லு. செவப்புச் சேலை, கூடை!”

வீரம்மா எல்லாவற்றையும் கழற்றித் தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டு, லயத்து வீட்டுக்குப் போய்க் கல்யாணச் சேலையைக் கட்டிவந்தாள். கூடையெல்லாம் போய்ப் பை வந்து வெகுகாலமாகிவிட்டதால், ஜெயகாந்தன் டவுனுக்கு ஓடி அலியார் நானாவின் மரக்கறிக் கடையில் ஒரு கூடை இரவல் வாங்கினான்.

“கூடைக்குள்ள கரட் தெரியுதேப்பா!” என்றார் ஆசிரியர் போனில்.

கரட்டை எடுத்தான்.

“இப்பச் சிரிக்கச் சொல்லு.”

படங்கு இல்லாத காலில் அதற்குள் அட்டை ஏறிவிட்டது. வீரம்மா சிரித்துக்கொண்டே குதித்தாள். ஒரு படத்திலும் அவள் கால் தரையில் இல்லை.

மழையும் பிடித்துக்கொண்டது. வேலை போனது போனதுதான் என்று எடுத்த படங்களையெல்லாம் அப்படியே அனுப்பிவிட்டு ஜெயகாந்தன் வேனில் ஏறினான். பின் சீட்டில் சுதர்ஷினி அம்மா கழுத்துவரை சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீரம்மா என்னவோ கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். பாசக்காரி என்று நினைத்து அவன் கை காட்டினான்.

மறுநாள் ஆசிரியர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அனுப்பிய படம் ஒன்றில், குதிக்கும் வீரம்மாவுக்குப் பின்னால், தூரத்தில், முகத்தை மறைத்த தொப்பியோடு ஒரு பெண் நிலத்தைத் தொடக் குனிந்திருந்தாள்.

“இவதான்யா அசல் தொழிலாளி! அந்த முதுகுல இருநூறு வருசத்துச் சோகம் தெரியுது பாரு.”

“தொப்பி, படங்கெல்லாம் இருக்கே சார்?”

“அதுதான்யா உண்மை!”

‘மண்ணை வணங்கும் தாய்’ என்று அட்டை வந்தது. ஜெயகாந்தனின் வேலையும் தப்பியது. வெளியீட்டு விழாவைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலேயே வைத்தார்கள். மனைவியோடு மேடையில் இருந்த ஆசிரியர் பொன்னாடையை விரித்துப் பிடித்தார்.

“அந்தத் தாய் எங்கே? மேடைக்கு வரட்டும்!”

யாரும் எழவில்லை. சுதர்ஷினி அம்மா அப்போதுதான் அட்டையைப் பார்த்தார்; பார்த்ததும் அதையே முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

முன்வரிசையிலிருந்து வீரம்மா எழுந்தாள்.

“ஐயா, மண்ணக் கும்புட இல்லீங்க, கால்ல ஏறுன அட்டையப் புடுங்கத்தான் ஒங்க வீட்டம்மா குனிஞ்சாங்க, பொன்னாடையப் போத்திட்டு, அன்னைக்குக் குளிருக்கு அவங்க கட்டிக்கிட்டுப் போன என் படங்கையும் தொப்பியையும் வாங்கிக் குடுங்க.”